துப்பறிவாளரின் பழைய நினைவுப்பொருள்: பூர்வீகம் விசாரிக்கும் முறை

ஒரு வெள்ளிப் பாக்கெட் வாட்ச். பின்மூடியைத் திறந்தால் உள்மூடியில் பொறிப்பு: டிடெக்டிவ் சார்ஜென்ட் இன்னாருக்கு எச் டிவிஷன் நண்பர்கள் அன்புடன் அளித்தது, 1888. லண்டன் மாநகரப் போலீஸில் எச் டிவிஷன் என்றால் வைட்சாப்பல். 1888 என்றால் அங்கே ‘ஜாக் த ரிப்பர்’ தொடர் கொலைகள் நடந்த ஆண்டு. விற்பவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் விலை ஏறிவிடும். போலியாக எழுத்து வெட்டுகிறவனுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

இத்தகைய பொருளில் மூன்று தேதிகள் ஒளிந்திருக்கின்றன. உலோகம் செய்யப்பட்ட தேதி, அதில் எழுத்து வெட்டப்பட்ட தேதி, அந்த ஆளின் கைக்கு அது வந்த தேதி. ஒன்று சரியாக இருப்பதால் அடுத்தது சரியாகிவிடாது. பலரும் போலீஸ் பதிவேட்டில் பெயரைக் கண்டதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்தப் பெயரில் ஒரு போலீஸ்காரர் இருந்தார் என்பதைத்தான் பதிவேடு சொல்கிறது. எழுத்து வெட்டியவனும் அதே பதிவேட்டைப் பார்த்துத்தான் பெயர் எடுத்திருப்பான். எனவே உலோகத்தில் தொடங்கி எழுத்துக்கு வந்து, கடைசியாக ஆளிடம் போக வேண்டும்.

கை வைக்கும் முன்

பாலிஷ் போடாதீர்கள். கறுத்த வெள்ளி அசிங்கமாகத் தெரியலாம். ஆனால் எழுத்தின் பள்ளத்தில் படிந்த கறுப்புதான் பின்னால் உங்களுக்குச் சாட்சி சொல்லப் போகிறது. ஒரு முறை தேய்த்தால் அந்தச் சாட்சி போய்விடும்.

தேவையானவை அதிகமில்லை. 10 மடங்கு பெரிதாக்கும் லூப், சிறிய டார்ச், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, மில்லிமீட்டர் அளவுகோல், கேமரா உள்ள போன். எல்லாப் பக்கங்களையும் அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுங்கள். பொறிப்பை மட்டும் இரண்டு விதமாக எடுக்க வேண்டும்: ஒன்று நேர் வெளிச்சத்தில், இன்னொன்று டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போல் 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடித்து. சாய்ந்த வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்தும், அழிக்கப்பட்ட எழுத்தின் நிழலும் எழுந்து வரும். டார்ச்சை ஒரே பக்கம் வைத்துவிட்டு நிறுத்தாமல் நான்கு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் தெரியும்.

வாட்ச் மூடியைக் கத்தியால் நெம்பாதீர்கள். ஓரத்தில் நகம் நுழையும் சிறு உதடு இருந்தால் கீல் வைத்த மூடி. உதடும் கீலும் இல்லாமல் விளிம்பில் நுண்பல் வெட்டு ஓடினால் அநேகமாகத் திருகு மூடி, கையால் இடப்பக்கம் திருப்பினால் கழலும். வராவிட்டால் வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

முதல் தேதி: உலோகம்

பிரிட்டிஷ் வெள்ளியாக இருந்தால் பாதி வேலையை ஹால்மார்க் செய்துவிடும். நான்கு முத்திரைகளைத் தேடுங்கள். நடக்கும் சிங்கம் 925 தரத்துக்கு, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுள்ள ஸ்டெர்லிங்குக்கு. ஊர்ச் சின்னம் சோதனை நடந்த இடத்துக்கு: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், செஸ்டருக்கு வாளும் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும். அடுத்தது ஆண்டு எழுத்து. நான்காவது, செய்தவர் அல்லது செய்து தரச் சொன்னவரின் முதலெழுத்துகள்.

ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது ஆண்டு எழுத்தில்தான். லண்டன் சோதனைக்கூடம் 20 எழுத்துகளைச் சுழற்சியாகப் பயன்படுத்தியது. அதனால் ‘எம்’ என்ற எழுத்து 1867இல் ஒரு முறை, 1887இல் ஒரு முறை, 1907இல் ஒரு முறை வருகிறது. எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவமும் சேர்ந்துதான் ஆண்டைப் பிரித்துக் காட்டும். 1887இல் பெரிய எழுத்து, மற்ற இரண்டிலும் சிறிய எழுத்து, அவற்றுக்குள்ளும் எழுத்துரு வேறு. ஊர்ச் சின்னத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் அட்டவணையில் தேடினால் பல ஆண்டு தவறிப் போகலாம், ஏனென்றால் ஒவ்வொரு ஊருக்கும் தனிச் சுழற்சி. இன்னொன்று: லண்டனில் அந்தக் காலத்தில் எழுத்து மாறியது மே மாதத்தில். 1887க்கான எழுத்து 1888 வசந்தம் வரை அடிக்கப்பட்டது.

அரசர் அல்லது அரசி தலை முத்திரை பற்றி ஒரு பொய்யான எச்சரிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. 1784 முதல் 1890 வரை வெள்ளிப் பொருளுக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக அந்தத் தலை அடிக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் போலி என்பார்கள். தட்டு, கோப்பைக்கு அது பொருந்தும். வாட்ச் மூடிகளுக்கு 1798இலேயே அந்த வரி விலக்கப்பட்டுவிட்டது. 1880களின் வாட்ச் மூடியில் விக்டோரியாவின் தலை இல்லாததுதான் முறை.

முத்திரைகள் ஒரே இடத்தில் இருந்தால் போதாது. வெளிமூடி, உள்மூடி இரண்டிலும் ஆண்டு எழுத்தும் செய்தவர் குறியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் மூடி மாற்றப்பட்டிருக்கிறது. பொறிப்பு இருப்பது மாற்றப்பட்ட மூடியில் என்றால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

அமெரிக்க வாட்ச் என்றால் வழி வேறு. வால்தம், எல்ஜின் போன்ற நிறுவனங்களின் வரிசை எண் உள்ளே இயந்திரத்தில் இருக்கும், அதை வைத்து ஆண்டைச் சொல்லும் அட்டவணைகள் இணையத்தில் இலவசம். மூடியிலும் ஓர் எண் இருக்கும். அது மூடி செய்த வேறொரு நிறுவனத்தின் எண், அதைக் கொண்டுபோய் எல்ஜின் அட்டவணையில் தேடுவது வீண். இயந்திரத்தையும் மூடியையும் கடையில் தனித்தனியே தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதே அங்கே வழக்கமாக இருந்தது. எல்ஜினின் முதல் இயந்திரம் 1867இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய தேதியைப் பொறிப்பு சொன்னால் கதை முடிந்தது.

பேட்ஜில் பெரும்பாலும் ஹால்மார்க் இருக்காது. ‘வெள்ளி’ என்று சொல்லித் தந்திருந்தால் அடர்த்தியைப் பாருங்கள். முதலில் சாதாரணமாக எடை போடுங்கள், 41.4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துச் சுழியாக்குங்கள். பேட்ஜை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்க, அடியிலும் ஓரத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு 4.0 காட்டினால் 41.4ஐ 4.0ஆல் வகுக்க 10.35 வரும், அது ஸ்டெர்லிங் வெள்ளி. 4.8 அல்லது 4.9 காட்டினால் 8.5 பக்கம் வரும், அது பித்தளையோ நிக்கல் கலவையோ. பேட்ஜில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு குறைந்து காட்டும், ஒரு தட்டுத் தட்டி விடுங்கள். வாட்ச், உள்ளே குழிவான பொருள், விரிசல் விட்ட எனாமல், மரம் எதையும் இப்படி முக்கக் கூடாது.

கைவிலங்கில் காப்புரிமைத் தேதி அடித்திருக்கும். அமெரிக்காவில் டவர் என்ற தயாரிப்பாளர் செய்த விலங்குகளில் 1874, 1879, 1882 போன்ற தேதிகள் வரும். அதற்கு முன் செய்யப்படவில்லை என்பதுதான் அந்தத் தேதி தரும் செய்தி. அதே தேதியைத் தாங்கிய விலங்குகள் பல பத்தாண்டுகள் விற்கப்பட்டன. விலங்கில் தனியாக ஓர் எண் வெட்டியிருந்தால் அதை ஆளின் எண் என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள், சரக்கறை எண்ணாகவும் இருக்கும்.

கிரீடம் வைத்த சிறு தடி, அதாவது அதிகாரத் தடி கிடைத்தால் அதிலுள்ள அரசர் அல்லது அரசி பெயரின் முதலெழுத்துகளைப் பாருங்கள். நான்காம் வில்லியம் என்றால் 1830 முதல் 1837 வரை, விக்டோரியா என்றால் 1837 முதல் 1901 வரை. பிந்தைய பேட்ஜுகளுக்குக் கிரீடத்தின் வடிவம் உதவும். 1901 முதல் 1952 வரையிலான கிரீடத்தின் வளைவுகள் உருண்டு மேலெழும். இரண்டாம் எலிசபெத் காலத்தில் உச்சியில் நடுவே குழிந்து இறங்கும். ‘எட்வர்ட் காலம்’ என்று விற்கப்படும் பேட்ஜில் குழிந்த கிரீடம் இருந்தால் கீழே வைத்துவிடலாம். கூட்டல் குறி வெட்டுள்ள (பிலிப்ஸ்) திருகாணி இருந்தாலும் அப்படியே. அது 1930களில்தான் பரவியது.

இரண்டாம் தேதி: எழுத்து

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பொருளை அதனருகே கொண்டுவாருங்கள். கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தால் பார்வைப் புலம் சுருங்கிவிடும். ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வளைவு உள்ளதாக இருந்தால் நல்லது.

கையால் உளி பிடித்து வெட்டிய கோடு முடியிழையாகத் தொடங்கி, நடுவில் அகன்று, மறுபடி முடியிழையாக முடியும். பள்ளம் ஆங்கில ‘வி’ வடிவில் இருக்கும், இரண்டு சரிவும் தனித்தனியே பளபளக்கும். வளைவில் உளி திரும்பிய இடத்தில் சிறு முகப்புகள் தெரியும். அதே எழுத்து இன்னொரு சொல்லில் வரும்போது சற்றே வேறுபட்டிருக்கும். மாதிரித்தகடு வைத்துச் சுழல்முனையால் வெட்டிய கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம், அடி உருண்டை, முனைகளும் உருண்டை. லேசர் எழுத்தில் அடிப்பகுதி மங்கிய சாம்பல் நிறத்தில், வரிசை வரிசையான நுண்புள்ளிகளாகத் தெரியும். 1888 என்று சொல்லும் பொறிப்பில் லேசர் புள்ளி தெரிந்தால் மேற்கொண்டு ஆவணக் காப்பகம் எதற்கும் எழுத வேண்டியதில்லை.

கையால் வெட்டியதாலேயே பழையது என்று ஆகாது. கையால் வெட்டத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் கீறல்களின் வரிசையைப் படியுங்கள். சட்டைப்பையில் பல ஆண்டு கிடந்த மூடியில் நூற்றுக்கணக்கான மயிர்க்கீறல்கள் இருக்கும். பழைய எழுத்தின் விளிம்பு மேல் அந்தக் கீறல்கள் ஏறி, பள்ளத்தின் வாயைத் தேய்த்து மழுக்கியிருக்கும். புது எழுத்து கீறல்களை வெட்டிக்கொண்டு போகும்: கீறல் பள்ளத்தின் விளிம்பில் வந்து திடீரென நிற்கும், அந்தப் பக்கம் மறுபடி தொடரும், விளிம்பு நகத்தில் லேசாகப் பிடிக்கும். இங்கே ஒரு விதிவிலக்கு. பொறிப்பு உள்மூடியில் இருந்தால் அது சட்டைப்பையில் உரசவே இல்லை, 130 ஆண்டுக்குப் பிறகும் கூர்மையாகவே இருக்கும். அங்கே கீறல் சாட்சியை எதிர்பார்க்காமல், பள்ளத்தின் அடியில் உள்ள கறுப்பு சுற்றியுள்ள பரப்பின் கறுப்போடு இயல்பாகச் சேர்கிறதா என்று பாருங்கள். மருந்து தடவிக் கறுக்கவைத்தது ஒரே சீரான மை போல இருக்கும், குச்சியில் சுற்றிய ஈரப் பஞ்சில் ஒட்டிக்கொண்டும் வரலாம்.

பழைய பெயரை அழித்துப் புதிதாக வெட்டியிருந்தால் அந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும். விரலால் மெல்லத் தடவினால் சிறு குழிவு தட்டுப்படும். மூடியின் மேல் வாயால் ஊதி ஆவி படியவைத்து, அது மறையும் நொடியில் கவனியுங்கள். ஒட்டுத்தகடு வைத்திருந்தால் ஈயப்பற்றின் கோடு ஒரு கணம் தெரிந்து மறையும்.

அந்த மூடியின் உட்பக்கத்தில், பொறிப்புக்குச் சம்பந்தமில்லாமல், ஊசியால் கீறியது போன்ற குட்டி எழுத்துகளும் எண்களும் இருந்தால் சந்தோஷப்படுங்கள். பழுது பார்த்தவர்கள் தங்கள் அடையாளத்துக்கு இட்ட குறிகள் அவை. சிலவற்றில் தேதியும் இருக்கும். வாட்ச் எந்த ஆண்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு இவ்வளவு நேர்மையான சாட்சி வேறு கிடைப்பது கடினம், ஏனென்றால் யாரையும் நம்பவைக்க எழுதியதல்ல அது.

பொறிப்பின் வாசகமே மாட்டிக்கொடுக்கும்

வெட்டியவன் கைத்தொழிலில் கெட்டிக்காரனாக இருந்தாலும் சரித்திரத்தில் சறுக்குவான். லண்டன் மாநகரப் போலீஸ் 1829இல் தொடங்கியது. அதற்குத் தனித் துப்பறியும் பிரிவு 1842இல்தான் வந்தது, அதுவும் இரண்டு இன்ஸ்பெக்டர், ஆறு சார்ஜென்ட் என்று எட்டே பேர். 1877இல் மூத்த துப்பறிவாளர்களே ஊழல் வழக்கில் கூண்டில் நின்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1878இல், சி.ஐ.டி. என்ற பெயரோடு பிரிவு மறுபடி கட்டப்பட்டது. 1875 தேதியிட்ட பொறிப்பில் ‘சி.ஐ.டி.’ இருக்க முடியாது. தலைமையகம் தேம்ஸ் கரைக்கு மாறி ‘நியூ ஸ்காட்லாந்து யார்ட்’ ஆனது 1890இல். லண்டன் அஞ்சல் வட்டாரத்தோடு ஈ.1, டபிள்யூ.2 என்று எண் சேர்ந்தது 1917இல். அமெரிக்கப் பக்கம் எஃப்.பி.ஐ. என்ற பெயர் 1935 முதல்தான். பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தைத் தொடங்கிய ஆலன் பிங்கர்ட்டன் 1884இல் இறந்துவிட்டார். அவர் கையால் 1890இல் பரிசு வாங்கியவர்கள் சந்தையில் மட்டும் இருக்கலாம்.

பிங்கர்ட்டன் பேட்ஜ் என்று வருவதை எல்லாம் முதலில் போலி என்றே வைத்துக்கொண்டு விசாரிப்பது நல்லது. நினைவுப்பொருளாக விற்கச் செய்தவை ஏராளம். போதாக்குறைக்கு, அமெரிக்காவில் அஞ்சல் வழியில் துப்பறியும் கலை கற்றுத்தந்த பள்ளிகள் பணம் கட்டியவருக்கெல்லாம் பேட்ஜ் அனுப்பின. அப்படிப்பட்ட பேட்ஜ் பழையதாக, அசலாகவே இருக்கும். வைத்திருந்தவர் ஒரு வழக்கும் துப்பறிந்திருக்க மாட்டார்.

மூன்றாம் தேதி: ஆள்

இப்போதுதான் பெயரைத் தேட வேண்டும். லண்டன் போலீஸ்காரரின் எண் இரண்டு வகை. காலரில் இருந்த டிவிஷன் எண் ஆள் மாறும்போது அடுத்தவருக்குப் போகும், அதே ஆள் டிவிஷன் மாறினாலும் எண் மாறும். வாரன்ட் எண், அதாவது வேலையில் சேரும்போது தரப்படும் எண், ஒருவருக்கு ஒன்றுதான். பொருளில் இருப்பது ‘எச் 214’ போன்ற எண் என்றால், தேதி இல்லாமல் அதை வைத்து ஆளைச் சொல்ல முடியாது.

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மாநகரப் போலீஸின் பதிவுகள் ‘மெப்போ’ என்ற தொகுப்பில் உள்ளன. மெப்போ 4இல் சேர்ந்தவர், விலகியவர் பதிவேடுகள். மெப்போ 21இல் 1852 முதல் 1932 வரையிலான ஓய்வூதியப் பதிவுகள். இவை கிடைத்தால் பிறந்த ஊர், உடல் அடையாளம் வரை வரும். மெப்போ 7 போலீஸ் ஆணைகள்: பதவி உயர்வு, இடமாற்றம், வெகுமதி எல்லாம் நாள்வாரியாக. ஓய்வூதியம் பெறாமல் விலக்கப்பட்டவரை மெப்போ 21இல் தேடிக் காணாமல், ‘அப்படி ஓர் ஆளே இல்லை’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. பதவியையும் தேதியோடு சரிபாருங்கள்: 1888இல் சார்ஜென்ட் என்று பொறித்திருக்க, அவர் 1885இலேயே இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தால் நண்பர்கள் அப்படிப் பொறித்திருக்க மாட்டார்கள். அயர்லாந்துக் காவல்படை என்றால் அதே காப்பகத்தில் எச்.ஓ. 184 தொகுப்பு.

ஆளின் வழக்குகளுக்கு ஓல்ட் பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. சாட்சி சொன்ன போலீஸ்காரரின் பெயர், பதவி, பல சமயம் டிவிஷனும் அதில் இருக்கும். பிங்கர்ட்டன் நிறுவனத்தின் ஆவணங்கள் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ளன.

ஆளையும் பொருளையும் கட்டிவைக்கும் முடிச்சு பெரும்பாலும் செய்தித்தாளில்தான் கிடைக்கும். ஓய்வு பெறும்போதோ பெரிய வழக்கு முடிந்தபோதோ கொடுத்த பரிசை உள்ளூர்ப் பத்திரிகை விவரமாக எழுதும்: எந்த விடுதியில் கூடினார்கள், யார் தலைமை, வாட்ச் தங்கமா வெள்ளியா, சில சமயம் பொறித்த வாசகமே அச்சாகியிருக்கும். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணம் கேட்கும். அமெரிக்காவுக்கு க்ரானிக்ளிங் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுக்கு ட்ரோவ், நியூசிலாந்துக்கு பேப்பர்ஸ் பாஸ்ட் மூன்றும் இலவசம்.

தேடும்போது பெயரை மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். பழைய அச்சைக் கணினி படிக்கும்போது பெயர்கள்தான் முதலில் சிதையும். பெயரை விட்டுவிட்டு ‘டிடெக்டிவ்’, ‘பிரசென்டேஷன்’, ஊர்ப் பெயர் என்று ஆங்கிலத்தில் கொடுத்து, பொறிப்பிலுள்ள தேதிக்கு முன்னும் பின்னும் ஆறு வாரம் என்று வரம்பு வையுங்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பரிசுக்கு ‘டெஸ்டிமோனியல்’ என்ற சொல்லும் நடப்பில் இருந்தது. இன்று சான்றிதழ் என்ற பொருளில் அதை நினைத்துக்கொண்டு விட்டுவிடுவதால் பல செய்திகள் கண்ணில் படுவதில்லை.

செய்தி கிடைத்தாலும் ஒரு படி பாக்கி. செய்தியில் ‘தங்க வாட்ச்’ என்றிருக்க, உங்கள் கையில் இருப்பது வெள்ளி என்றால் அது வேறு வாட்ச். அல்லது செய்தியைப் படித்துவிட்டு யாரோ செய்த வாட்ச். பொருந்தினால், அவர் இறந்த பிறகு அது யார் யார் கை வழியாக வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் உயில்களுக்கு 1858 முதல் தேசிய உயில் அட்டவணை உண்டு; வாட்ச் யாருக்கு என்று உயிலிலேயே எழுதியவர்களும் உண்டு. குடும்பத்தார் சொல்லும் கதையைக் கேட்ட அன்றே, சொன்னவரின் உறவுமுறையோடு எழுதி வையுங்கள். தாத்தா சொன்னது என்பதும், தாத்தாவின் கடிதத்தில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

எல்லாவற்றையும் ஒரே தாளில் மூன்று கட்டமாக எழுதுங்கள்: உலோகம், எழுத்து, ஆள். ஒவ்வொன்றுக்கும் ‘இதற்கு முன் இல்லை’, ‘இதற்குப் பின் இல்லை’ என்று இரண்டு தேதி, பக்கத்தில் அதற்கு ஆதாரம், பதிவேட்டு எண். தாளைப் பொருளோடு வையுங்கள். ஒட்டுச்சீட்டைப் பொருள் மேல் ஒட்டாதீர்கள், ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டவும் வேண்டாம். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைத்து நிரந்தரக் கோடு போட்டுவிடும். மூன்றாவது கட்டம் நிரம்பவில்லையா, வெற்றிடமாகவே விடுங்கள். விற்கும் நாள் வந்தால் ‘இந்தப் பெயர் பொறித்த 1887 லண்டன் வெள்ளி வாட்ச்’ என்று விவரம் எழுதலாம். ‘இன்னாருடைய வாட்ச்’ என்று எழுத அந்தக் கட்டம் நிரம்பியிருக்க வேண்டும்.